லேப்டாப்புக்குள் ஒரு டிரைவர்!

"டிரைவரு போயிருச்சுன்னா எங்கடி போச்சு? இதுக்குள்ள பஸ்ஸா ஓடுது?"

கேட்டவர் 76 வயது அப்பத்தா. பதில் சொல்ல வேண்டியவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி. அவளுக்குப் பதில் தெரியவில்லை. மடியில் லேப்டாப். கண்ணில் கண்ணீர்.

இடம், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பெயர் போன ஊர். அந்தப் பெண்ணின் தாயாரும் சேலைக்கு முடிச்சுப் போடும் தொழிலாளிதான். மகளின் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய லேப்டாப் அது. தவணையில் இன்னும் 5 மாதம் பாக்கி இருந்தது.

நடந்தது இதுதான்.

முந்திய நாள் இரவு, "அப்டேட் செய்யட்டுமா?" என்று லேப்டாப் கேட்டது. சரி என்று அழுத்திவிட்டு, பெண் தூங்கப் போய்விட்டாள். பேட்டரியோ செத்துப் போன பேட்டரி. சுவரில் செருகியிருந்தால்தான் லேப்டாப் உயிரோடு இருக்கும். நடுச்சாமத்தில் கரண்ட் போயிற்று. அப்டேட் பாதியில் நின்றது.

காலையில் திறந்தாள். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு! படங்களை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது போல இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான் வேலை செய்யவில்லை. வீடியோ நொண்டியது. கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் புரொஜெக்டரில் மாட்டினாள். அங்கே ஒன்றுமே வரவில்லை. இன்னும் மூன்று நாளில் வகுப்பு முழுவதும் பார்க்க, அவள் தன் வேலையைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும்!

திண்டுக்கல்லில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"டிஸ்ப்ளே டிரைவர் போயிருச்சும்மா. போர்டுல அடி வாங்கியிருக்கு. போர்டு மாத்தணும். 9 ஆயிரம் ஆகும்."

9 ஆயிரம்! அந்தத் தாயாருக்கு அது இரண்டு மாத வருமானத்துக்கு மேல்.

அன்று மாலை நான் தற்செயலாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அண்ணே, நீங்க கம்ப்யூட்டரைப் பத்தியெல்லாம் எழுதுறவரு. கொஞ்சம் என்னன்னு பாருங்கண்ணே" என்றார் தாயார்.

எனக்கு ஒன்று மட்டும் உடனே புரிந்தது. கடைக்காரர் இரண்டு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். டிரைவர் போவது வேறு. போர்டு போவது வேறு. முதலாவதைச் சரி செய்யக் காசு வேண்டாம். இரண்டாவதற்குத்தான் ஆயிரக் கணக்கில் செலவு.

யார் இந்த டிரைவர்?

லேப்டாப்பின் திரையில் கோடு போட்டுக் கட்டம் பிரித்தது போலப் புள்ளிகள் இருக்கின்றன. சாதாரண லேப்டாப் ஒன்றில் குறுக்கே 1,366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 10 லட்சத்து 49 ஆயிரத்து 88 புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் இன்ன நிறம் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. ஒரு விநாடிக்கு 60 தடவை சொல்ல வேண்டும். அதாவது ஒரு விநாடியில் 6 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள்!

இந்த வேலையைச் செய்வதற்கென்றே உள்ளே ஒரு தனிச் சில்லு உண்டு. அதுதான் கிராபிக்ஸ் சில்லு. படம் போடும் சில்லு என்று வைத்துக்கொள்வோம். இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா என்ற மூன்று கம்பெனிகளின் சில்லுகள்தான் பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கும்.

சில்லு பலசாலிதான். ஆனால் அதற்கு விண்டோஸ் பேசும் பாஷை தெரியாது. விண்டோசுக்கும் சில்லின் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் புரோகிராம்தான் டிரைவர். அது இரும்பும் அல்ல, பித்தளையும் அல்ல. வெறும் எழுத்து. கணினிக்குள் சேமித்து வைத்த கட்டளைகள். கெட்டுப் போனால் அழித்துவிட்டு வேறு பிரதி போட்டுக்கொள்ளலாம்.

பஸ் நன்றாக இருக்கிறது, ஓட்டுகிறவர் வரவில்லை என்றால் பஸ்ஸை உடைத்து எடைக்குப் போடுவோமா?

அப்பத்தாவுக்கு நான் சொன்ன விளக்கம் வேறு. அவர் பிறந்த ஊர் திண்டுக்கல். பூட்டுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவர். கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு என்றே ஒன்று உண்டு. பூட்டின் வயிற்றுக்குள் நெம்புத் தகடுகள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு பல் குறைந்தாலும் பூட்டு திறக்காது. பக்கத்து வீட்டுச் சாவியும் உதவாது.

"டிரைவர்ங்கிறது சாவி மாதிரி அப்பத்தா. ராத்திரி கரண்டு போனதுல சாவிக்குப் பல்லு பாதிதான் வெட்டியிருக்கு" என்றேன்.

"அப்ப பூட்டு நல்லாத்தானே இருக்கு. சாவியை மாத்துறதுதானே?" என்றார் அப்பத்தா.

சாவியா? பூட்டா?

ஆனால் பூட்டு நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கண் போதும்.

லேப்டாப்பை அணைத்து, மறுபடி போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே கம்பெனியின் பெயர் திரையில் வரும். அப்போது டிரைவர் இன்னும் வேலைக்கு வரவில்லை. அந்த நேரத்திலேயே கோடு கோடாக விழுந்தாலோ, பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் தெரிந்தாலோ, குற்றவாளி டிரைவர் அல்ல. திரையோ, ஒயரோ, சில்லோதான். கம்பெனியின் பெயர் பளிச்சென்று வந்து, விண்டோஸ் வந்த பிறகு மட்டும் தகராறு என்றால் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம்.

அடுத்தது, மூடியை மெள்ள முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது படம் வந்து வந்து போகிறதா? மூடிக்கும் உடம்புக்கும் நடுவே போகும் பட்டை ஒயர் தளர்ந்திருக்கிறது. அது சின்னச் செலவு.

திரை முழுக்கக் கறுப்பா? அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் விளக்கைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் சில்லும் நலம், டிரைவரும் நலம். திரைக்குப் பின்னால் உள்ள விளக்குதான் அணைந்திருக்கிறது.

வீட்டில் டி.வி. இருக்கிறது அல்லவா? எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றால் லேப்டாப்பை டி.வி.யோடு இணையுங்கள். டி.வி.யில் படம் ஒழுங்காக வந்தால் கோளாறு லேப்டாப்பின் திரைப் பக்கம். டி.வி.யிலும் அதே கோடுகள் விழுந்தால் சில்லையும் டிரைவரையும் பார்க்க வேண்டும். டி.வி.யில் ஒன்றுமே வராவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சரியான டிரைவர் இல்லாத லேப்டாப் வெளித் திரைக்குப் படம் அனுப்பாமலே இருந்துவிடும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பை இப்படித்தான் பார்த்தோம். கம்பெனியின் பெயர் பளிச்சென்று வந்தது. மூடியை அசைத்தோம். மாற்றம் இல்லை. கோடு இல்லை, புள்ளி இல்லை. பூட்டு நலம்!

நான்கு விரல் வைத்தியம்

திரை திடீரென்று உறைந்து போனாலோ, கறுத்துப் போனாலோ, முதலில் ஒரு கைவைத்தியம் உண்டு. விண்டோஸ் படம் போட்ட பொத்தான், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆங்கில 'பி' எழுத்தைத் தட்ட வேண்டும். ஒரு சின்னச் சத்தம் கேட்கும். திரை ஒரு கணம் கண் சிமிட்டும். டிரைவர் தூக்கம் கலைந்து மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். திறந்து வைத்த வேலை எதுவும் அழியாது.

விண்டோசும் இதைத் தானாகவே செய்கிறது. படம் போடும் சில்லு 2 விநாடி வரை பதில் சொல்லாமல் இருந்தால், டிரைவரை நிறுத்தித் திரும்பவும் தொடங்கிவிடும். "டிஸ்ப்ளே டிரைவர் நின்று போய் மீண்டும் எழுந்தது" என்று சில சமயம் ஒரு சேதி வருமே, அது இதுதான். எப்போதோ ஒரு நாள் வந்தால் கவலை வேண்டாம். தினமும் வந்தால் விசாரிக்க வேண்டும்.

நம் பெண்ணின் லேப்டாப்புக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. பாதி வெட்டிய சாவியை எத்தனை தடவை திருப்பினால் என்ன?

போலி டிரைவர்

அடுத்தபடியாக, உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தோம். விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு 'எக்ஸ்' எழுத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிவைஸ் மேனேஜர்' என்று இருக்கும். லேப்டாப்புக்குள் இருக்கும் எல்லா உறுப்புகளின் வருகைப் பதிவேடு அது. அதில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியைத் திறந்தால், படம் போடும் சில்லின் பெயர் தெரிய வேண்டும். இன்டெல் என்றோ, ஏ.எம்.டி. என்றோ, என்விடியா என்றோ.

அங்கே தெரிந்த பெயர் என்ன தெரியுமா? 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'!

இது தற்காலிக ஆள். உண்மையான டிரைவர் வராதபோது, வண்டியை நகர்த்தவாவது இருக்கட்டும் என்று விண்டோஸ் உட்கார வைக்கும் மாற்று ஆள். அதற்குப் படம் காட்டத் தெரியும். அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டத் தெரியாது. இரண்டாவது திரைக்குப் படம் அனுப்பத் தெரியாது. வீடியோவை வழுக்கிக்கொண்டு ஓடச் செய்யவும் தெரியாது. பெண் சொன்ன குறைகள் அத்தனையும் இந்த ஒரு பெயரில் அடங்கிவிட்டன.

சிலருக்குப் பெயர் சரியாக இருக்கும். பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று, அதற்குள் ஆச்சரியக் குறி இருக்கும். அதை இரண்டு தடவை தட்டினால் காரணம் ஒரு எண்ணாக வரும். 43 என்ற எண் வந்தால், "இந்த உறுப்பு தகராறு செய்கிறது, நிறுத்திவிட்டேன்" என்று விண்டோஸ் சொல்வதாக அர்த்தம். அது டிரைவரால் வரலாம். சில்லே கெட்டதாலும் வரலாம். டிரைவரை அடியோடு மாற்றிய பிறகும் 43 போகாவிட்டால்தான் சில்லின் மேல் பழி போட வேண்டும்.

எங்கள் வேலையைத் தொடங்குமுன் அந்தப் பெண்ணிடம், "உன் புராஜெக்டை முதலில் பென் டிரைவில் எடு" என்றேன். "அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?" என்று பயந்தாள். டிரைவரை மாற்றுவதால் கடிதமோ படமோ அழிவது இல்லை. ஆனாலும் பிரதி எடுக்காமல் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. பழக்கம் அப்படி.

பிறகு சாவியைத் தேடினோம். லேப்டாப்பைக் கவிழ்த்தால் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அதில் இருக்கும். அந்த எண்ணை லேப்டாப் கம்பெனியின் சொந்த இணையத் தளத்தில் போட்டால், அந்த லேப்டாப்புக்கென்றே வெட்டிய டிரைவர் கிடைக்கும். விலை? ஒரு பைசா இல்லை.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்! 'டிரைவர் டவுன்லோடு' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். "உங்கள் கணினியில் 27 டிரைவர்கள் பழுது! உடனே பணம் கட்டுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். ஒன்றும் கட்ட வேண்டாம். லேப்டாப் செய்த கம்பெனி, சில்லு செய்த கம்பெனி, விண்டோசின் சொந்த அப்டேட், இந்த மூன்று இடம் தவிர வேறு எங்கேயும் டிரைவர் வாங்கக் கூடாது. ஊர் பேர் தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்கக் கொடுப்பீர்களா?

லேப்டாப் கம்பெனியின் டிரைவர் கொஞ்சம் பழையதாக இருக்கும். சில்லுக் கம்பெனியின் டிரைவர் புதியதாக இருக்கும். எது நல்லது? கோளாறு வந்த நேரத்தில் லேப்டாப் கம்பெனியின் பழைய டிரைவரே நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த மாடலுக்காகப் பரிசோதித்துப் போட்டிருப்பார்கள். புதுமை பிறகு பார்த்துக்கொள்ளலாம். விளையாட்டுக்கென்று வாங்கும் விலையுயர்ந்த லேப்டாப்புகளில் இரண்டு சில்லு இருக்கும். சாதாரண வேலைக்கு ஒன்று, கனமான வேலைக்கு ஒன்று. அங்கே இரண்டு டிரைவரும் வேண்டும்.

செல்போனின் இணையத்தைப் பகிர்ந்து டிரைவரை இறக்கினோம். பெரிய பொதி. வெகு நேரம் பிடித்தது. அதற்குள் ஒரு காபி ஆயிற்று. பிறகு டிவைஸ் மேனேஜரில் அரைகுறையாகக் கிடந்த பழைய டிரைவரை நீக்கினோம். நீக்கும்போது, "டிரைவரையும் அழித்துவிடட்டுமா?" என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய சாவியே திரும்பி வரும். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, புதிய பொதியைத் திறந்து நிறுவினோம். இந்தத் தடவை கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, அண்டை வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டோம்!

திரை ஒரு முறை கறுத்தது. பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மறு விநாடி எழுத்தெல்லாம் சிறுத்து, கூர்மையாகி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வெளிச்சப் பொத்தானை அழுத்தினாள். கூடியது. டி.வி.யில் மாட்டினாள். அவளுடைய புராஜெக்ட் டி.வி.யில் விரிந்தது.

"எவ்வளவு ஆச்சுண்ணே?" என்று கேட்டார் தாயார்.

"ஒரு காபி ஆச்சு" என்றேன்.

முன்பு நன்றாக இருந்து, அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது என்றால் இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் சில்லின் பெயரைத் திறந்து, டிரைவர் என்ற பக்கத்துக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் நேற்றைய டிரைவர் திரும்பி வந்துவிடும். பழைய டிரைவர் சேமிப்பில் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் மங்கித்தான் கிடந்தது.

ஒன்றுமே தெரியவில்லை என்றால்?

திரை முழுக்கக் கறுப்பு. டிவைஸ் மேனேஜரை எங்கே போய்ப் பார்ப்பது? நியாயமான கேள்வி.

விண்டோஸ் தொடங்கும்போது, பவர் பொத்தானைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால், "இவருக்கு ஏதோ தொல்லை" என்று புரிந்துகொண்டு, லேப்டாப் ஒரு பழுது பார்க்கும் பக்கத்தைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணைத் தட்டினால் 'சேப் மோடு' வரும். அது கஞ்சி குடிக்கும் நோயாளி நிலைமை. அவசியமானவை மட்டும் ஓடும். நம்முடைய டிரைவர் அங்கே வேலைக்கு வராது. மாற்று ஆள்தான். அந்த நேரத்தில் கெட்ட டிரைவரை நீக்கிவிடலாம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. பல புதிய லேப்டாப்புகளில் வட்டுக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்கு 'பிட்லாக்கர்' என்று பெயர். பழுது பார்க்கும் பக்கத்துக்குள் நுழையும்போது, அது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கலாம். லேப்டாப்பை முதலில் திறக்கக் கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து எண்ணைப் பார்க்கலாம். நல்ல நாளிலேயே அதை ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உலகமே ஸ்தம்பித்தது!

ஒரு டிரைவர் புரோகிராம் கெட்டால் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19-ந் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்று உலகம் முழுவதும் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. ஆஸ்பத்திரி, பாங்கி, விமான நிலையம் எல்லாம் தவித்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு ஏறும் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்! விழுந்த கணினிகள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது.

காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான அப்டேட். அது படம் போடும் டிரைவர் அல்ல. ஆனால் அதுவும் ஒரு டிரைவரோடு சேர்ந்த சரக்குதான். டிரைவர்கள் விண்டோசின் அடிவயிற்றில், மற்றப் புரோகிராம்களுக்கு அனுமதி இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஒன்று இடறினால் மொத்தக் கணினியும் விழும். பல இடங்களில் அன்று செய்த வைத்தியம் என்ன? கணினி கணினியாகப் போய், சேப் மோடில் திறந்து, கெட்ட கோப்பைக் கையால் அழித்தார்கள். மேலே நான் சொன்ன அதே வைத்தியம்!

படம் போடும் டிரைவர்களும் பழியிலிருந்து தப்பியவை அல்ல. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வெளிவந்த ஆண்டில், மைக்ரோசாப்டுக்கு வந்து சேர்ந்த விஸ்டா கோளாறுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 என்விடியா டிரைவர்களால் வந்தவை. பின்னால் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் வெளியான தஸ்தாவேஜுகளில் இந்தக் கணக்கு இருந்தது. புதிய விண்டோஸ் வந்தது. பூட்டு மாறிவிட்டது. சாவி வெட்டுகிறவர்கள் தயாராகவில்லை.

டிரைவர் மேல் பழி போடாதீர்கள்

எல்லாக் குற்றத்தையும் டிரைவர் தலையில் கட்டுவதும் தவறு. காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் படம் சிதறுகிறது என்றால் சூட்டைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசியில் நம் சமவெளி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. அந்த வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், பஞ்சு மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து வீடியோ பார்த்தால் என்ன ஆகும்? அடியில் உள்ள காற்றுத் துவாரம் மெத்தையில் புதைந்துவிடும். உள்ளே இருக்கும் சின்ன விசிறியில் பஞ்சும் புழுதியும் அடைத்துக்கொள்ளும். தறியும் நூலும் இருக்கும் வீடுகளில் இது இன்னும் அதிகம். சில்லு சூடேறித் தடுமாறும். அதற்கு எத்தனை டிரைவர் மாற்றியும் பயன் இல்லை. மர மேஜையில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை தூசு எடுக்க வேண்டும். கடைக்காரருக்குக் காசு கொடுக்கத் தகுந்த வேலை அது.

பரணில் கிடந்த லேப்டாப்

அந்த வீட்டில் இன்னொரு லேப்டாப்பும் இருந்தது. பெண்ணின் அண்ணன் பிளஸ் 2 படித்தபோது, 2014-ல் அரசு கொடுத்த இலவச லேப்டாப். அவர் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறார். லேப்டாப் பரணில் ஏறிவிட்டது. "புது விண்டோஸ் போட்டதுல இருந்து படமே சரியா வரலை. செத்துப் போச்சு மாமா" என்றாள் பெண்.

தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த லட்சக் கணக்கான பிள்ளைகளுக்கு லேப்டாப் கிடைத்தது. எத்தனையோ குடும்பங்களில் முதல் கணினி அதுதான். அவற்றில் பல இன்று பரணில் தூங்குகின்றன. உடம்பு கெட்டு அல்ல. சாவி வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள்!

கம்பெனிகள் பழைய சில்லுகளுக்குப் புதிய டிரைவர் எழுதுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகின்றன. ஏ.எம்.டி. 2021-ல் தன் பழைய சில்லுகள் பலவற்றைக் கைவிட்டது. அதே ஆண்டில் என்விடியாவும் 'கெப்ளர்' என்ற ஒரு தலைமுறையை நிறுத்தியது. இன்டெல் 2022-ல் தன் 6 முதல் 10 வரையிலான தலைமுறைகளைப் பழையவற்றின் பட்டியலில் தள்ளியது. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, 2014-ல் வந்த லேப்டாப்பை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்வது இல்லை.

அப்படியானால் எடைக்குப் போட வேண்டியதுதானா?

இல்லை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அரசு லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோசுக்குப் பக்கத்திலேயே 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது குறைவு. லினக்சில் இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளுக்கான டிரைவர்கள் உள்ளேயே சேர்ந்து வருகின்றன. யாரும் வாசிக்கலாம், திருத்தலாம் என்று எழுத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆகையால் கம்பெனி கைவிட்ட சில்லையும் வேறு யாராவது கவனித்துக்கொள்கிறார்கள்.

என்விடியா மட்டும் நெடுநாள் தன் எழுத்தை மூடியே வைத்திருந்தது. லினக்சை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2012-ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில், மேடையிலேயே அந்தக் கம்பெனியைக் கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டார்! பத்து ஆண்டு கழித்து, 2022-ல்தான் என்விடியா தன் லினக்ஸ் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்து விட்டது.

பரணிலிருந்து இறக்கிய லேப்டாப்பைத் துடைத்தோம். பென் டிரைவிலிருந்து லினக்சைத் தொடங்கினால் கறுப்புத் திரை! இதுவும் பழைய கணினிகளில் வருகிற சங்கதிதான். தொடங்கும் பட்டியலில் நின்று, ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டினால் சில வரிகள் வரும். லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, 'நோ', 'மோட்', 'செட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுத வேண்டும். "சிறப்பு டிரைவரை இப்போது கூப்பிடாதே, சாதாரணமாகப் படம் காட்டு" என்று அதற்கு அர்த்தம். எழுதிவிட்டுக் கன்ட்ரோலையும் 'எக்ஸ்' எழுத்தையும் சேர்த்துத் தட்டினோம்.

படம் வந்தது. லினக்சை வட்டில் நிறுவிவிட்டு, அதன் அப்டேட்டையும் முடித்த பிறகு, அந்தச் சொல் இல்லாமலே தொடங்கிப் பார்த்தோம். சில்லின் சரியான டிரைவரே வேலைக்கு வந்துவிட்டது.

11 ஆண்டுக்கு முந்திய லேப்டாப். வேகம் குறைவுதான். கடிதம் எழுதலாம், பாடம் படிக்கலாம், இணையத்தில் விண்ணப்பம் போடலாம். பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். சாயந்தரம் அவன்தான் இப்போது அதைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் வந்தபோது, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப் என்று அறிவித்தார்கள். வாங்குகிற பிள்ளைகள் அடியில் உள்ள சீட்டின் மாடல் எண்ணை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். உள்ளங்கை வியர்வையிலும் மேஜை உரசலிலும் ஓர் ஆண்டில் அந்தச் சீட்டு அழிந்துவிடும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பிலும் கடைசி இரண்டு எழுத்து அழிந்துதான் போயிருந்தது. வாங்கிய பெட்டியை அவளுடைய தாயார் எறியாமல், அதற்குள் முடிச்சு நூல் போட்டு வைத்திருந்தார். பெட்டியின் ஓரத்தில் இருந்துதான் எண்ணைப் படித்தோம்.